கதிர் பட்டால் வேலை செய்யும் மருந்து

ஐதராபாத், ரெட் ஹில்ஸ். எம்.என்.ஜே. அரசுப் புற்றுநோய் மருத்துவமனை வாசலில் ஸ்கேன் உறையை மடியில் வைத்திருந்த ஒரு தமிழ்ப் பெண் கேட்டார்: "அண்ணா, கரண்டு வைக்கும்போது கட்டியை மட்டும் கரைக்கிற ஊசி சோதனையில இருக்காமே, அம்மாவைச் சேர்க்கலாமா?" கரண்டு என்று அவர் சொன்னது கதிர் சிகிச்சையை.

நம்பிக்கை: அந்த ஊசி உடம்பு முழுக்கக் கதிர்வீச்சைப் பரப்பும்.

இல்லை. இவ்வகையில் அதிகம் ஆராயப்பட்டது ஹாஃப்னியம் ஆக்சைடு நுண்துகள். அதற்குத் தானாகக் கதிர்வீச்சு கிடையாது. கட்டிக்குள் ஒருமுறை செலுத்துகிறார்கள். கதிர் படும்போது துகள் எலெக்ட்ரான்களை உமிழ்ந்து அந்த இடத்தில் சேதத்தைக் கூட்டுகிறது.

நம்பிக்கை: புது மருந்து, எப்படியும் குணமாக்கும்.

இந்த எண்ணம்தான் குடும்பங்களை அதிகம் ஏமாற்றுகிறது. கை, கால், உடற்சுவரில் வரும் மென்திசுச் சார்கோமா என்ற புற்றுநோய் உள்ள 180 பேரிடம் பல நாடுகளில் இத்துகளைச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவையில் எடுத்த கட்டியில் உயிருள்ள புற்றணு 5 விழுக்காடுகூட மிஞ்சாதவர்கள், கதிர் மட்டும் பெற்றவர்களில் 8 விழுக்காடு. ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 16. இரு மடங்குதான், நல்ல செய்திதான். ஆனால் ஊசி பெற்ற நூறு பேரில் 84 பேருக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. சோதனையில் சேர்ந்தவர்கள் அறுவை செய்யக்கூடிய நிலையில் இருந்தவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. உடலெங்கும் பரவிய நோய்க்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. முதல் கட்டச் சோதனையாக இருந்தால், அது முக்கியமாகப் பார்ப்பது, எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்பதைத்தான்.

நம்பிக்கை: கையெழுத்துப் போட்டால் நாம் சோதனை எலி.

இந்தப் பயம் காற்றில் முளைத்ததல்ல. 2009இல் கம்மம் மாவட்டத்தில் நடந்த எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வில், பல சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டார்கள். 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. இன்று 2019ஆம் ஆண்டு மருத்துவச் சோதனை விதிகள் இருக்கின்றன: சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு, எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை. இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவெண்ணைக் கேளுங்கள். சோதனை மருந்துக்குப் பணம் கேட்டால் உடனே சந்தேகப்படுங்கள்.

அந்தப் பெண் கடைசியாகக் குரலைத் தாழ்த்தினார். "அம்மாவுக்குப் புற்றுநோய்னு தெரியாது. நானே கையெழுத்துப் போட்டுடறேன்."

முடியாது. நினைவும் தெளிவும் இருக்கும்வரை அம்மாதான் போட வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில் கேட்டு, புரிந்துகொண்டு. முதலில் அவரிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள் என்றேன்.