பெட்டியோடு பின்னுகிறவரையும் கூப்பிடும்

அன்பின் தம்பிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மடுவில் உங்கள் வாசிகசாலையின் பின்னறையை வெள்ளையடித்துச் சிறியதோர் அருங்காட்சியகமாக்கப் போகிறீர்கள் என்று படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். கடைசிப் பக்கத்தில் நீர் எழுதியிருந்த விஷயத்தைப் படித்தபோதுதான் கோபம் வந்தது. பழைய சாமான் வைக்கிற இடத்தில் கூத்துப் பாடுவதும் பெட்டி பின்னுவதும் கவிதை வாசிப்பதும் எதற்கு, அதற்குத்தான் மண்டபம் இருக்கிறதே என்று பெரியவர் ஒருவர் கூட்டத்தில் கேட்டாராம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று நீர் என்னைக் கேட்கிறீர்.

நியாயம் இல்லை. அந்தப் பெரியவரை மட்டும் குறை சொல்லமாட்டேன். படித்தவர்களே அருங்காட்சியகம் என்றால் பூட்டிய கண்ணாடி அலுமாரி, ‘தொடாதீர்கள்’ என்ற அறிவித்தல், கதிரையில் தூங்கும் காவலாளி என்றுதான் நினைத்திருக்கிறார்கள். பொருள் பத்திரமாக இருந்தால் பண்பாடும் பத்திரம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பிழை என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

உலகத்தில் இது புது யோசனையும் அல்ல. சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் ஆர்தர் ஹசேலியஸ் 1891இல் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியதோடு விடவில்லை. அந்த வீடுகளில் கைத்தொழில் செய்வோரை அமர்த்தினார், பாட்டும் ஆட்டமும் நடத்தினார். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும் அந்த வழியில் வந்ததுதான்.

உங்கள் அறைக்கு இவற்றைவிட நெருங்கிய உறவு வாஷிங்டனில் இருக்கிறது. அங்கே அனகொஸ்தியா என்ற ஏழைக் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில், கைவிடப்பட்ட ஒரு சினிமாக் கொட்டகையில் 1967இல் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். பொறுப்பேற்ற ஜோன் கினார்ட் ஒரு போதகர். அருங்காட்சியகப் படிப்புப் படித்தவர் அல்லர். 1969இல் அவர்கள் வைத்த கண்காட்சி எதைப் பற்றியது தெரியுமா? எலிகளைப் பற்றி! அந்தத் தெருக்களின் பிள்ளைகளுக்கு எலித்தொல்லைதான் பெரிய பிரச்சினை. அதனால் உயிருள்ள எலிகளையே கூண்டில் வைத்து, அவை ஏன் பெருகுகின்றன, எப்படித் தடுப்பது என்று காட்டினார்கள். ஊர்ச் சனம் தன் வாழ்க்கையைத் தானே பார்த்துக் கதைக்கிற இடம் அது. சர்வதேச அருங்காட்சியகப் பேரவை 2022இல் பிராகா நகரில் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணத்திலும் மக்களின் பங்கேற்பு என்பது சேர்ந்துவிட்டது. அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்லும்.

இனி எங்கள் மன்னார் மாவட்டத்துக்கு வருவோம். கண்ணாடி அலுமாரிக் கணக்கு எங்குமே பிழைதான். மன்னாரில் அது இரட்டிப்புப் பிழை. எங்களிடம் பொருள் மிஞ்சவில்லை, தம்பி. 1990இல் வடக்கின் முஸ்லிம் மக்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டியாரும் முசலியாரும் கையில் அகப்பட்டதோடு புத்தளத்துக்குப் போனார்கள். தமிழ்ச் சனம் எத்தனை தரம் இடம்பெயர்ந்தது என்பதை உமது அம்மம்மாவிடம் கேளும். பெட்டகம், ஏடு, மத்தளம், படம் எல்லாம் போயின. சனத்தின் கையிலும் தொண்டையிலும் இருந்தவைதான் சனத்தோடு வந்தன.

உமது ஊரின் கதையும் இதுதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்த மாதாவின் சுரூபத்தை மக்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள். அப்படித்தான் மருதமடு தலமாயிற்று என்பது மரபு. 2008இல் போர் நெருங்கியபோது அதே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டே திரும்பி வந்தது. சுரூபத்தைக் காத்தது கட்டடமா? தூக்கிக்கொண்டு போன ஆட்கள். மடுவில் அருங்காட்சியகம் வைக்கிறவர் இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கூத்துக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார் நாடகங்களைப் பதிப்பித்தார் என்பது உமக்குத் தெரியும். ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ 1964இலும், ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966இலும், ‘ஞானசவுந்தரி நாடகம்’ 1967இலும் அச்சில் வந்தன. அந்தப் பதிப்புகள் இல்லாவிட்டால் அந்த ஏடுகளின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதே பேராசிரியர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1968) ஆகியவற்றை மேடையேற்றினார். அவை நான்கும் மட்டக்களப்பு மரபைத் தழுவியவை. வந்தாறுமூலைக் கூத்தாசான் செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்கே வந்து மாணவருக்கு ஆட்டம் பழக்கினார்.

அந்தப் பதிப்பு வேலையையும் இந்த மேடையேற்றத்தையும் பக்கத்தில் வைத்துப் பாரும். மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரே போனார். பழகிய மாணவர்கள் பிறகு ஆசிரியர்களானார்கள். ஆட்டம் ஒரு தலைமுறை தாண்டியது. மன்னாரில் பிரதிக்கு அச்சு கிடைத்தது, ஆனால் அண்ணாவியாருக்கு அப்படியொரு வகுப்பறை கிடைக்கவில்லை. கிழக்கின் கூத்து இன்று உலகம் அறிந்ததாகவும், எங்கள் வடபாங்குக் கூத்தும் தென்பாங்குக் கூத்தும் மாவட்டத்துக்குள்ளேயே அடங்கிக் கிடப்பதாகவும் இருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் முடிவு. என் நண்பர்கள் போரைக் காரணம் சொல்வார்கள். போர் கிழக்கிலும்தானே நடந்தது?

ஒரு கூத்துக் கொப்பியை எடுத்துப் பாரும். மேலே பாத்திரத்தின் பெயர் இருக்கும். கீழே ‘விருத்தம்’, ‘தரு’, ‘வசனம்’ என்று தலைப்பிட்டு வரிகள் இருக்கும். சில இடத்தில் தாளக்கட்டு ஒரு வரி. அவ்வளவுதான். விருத்தத்தை எவ்வளவு நீட்ட வேண்டும், எந்தச் சொல்லில் மூச்சு எடுக்க வேண்டும், பிற்பாட்டுக்காரர் எங்கே சேர வேண்டும், அரசன் வரவுக்கும் கட்டியகாரன் வரவுக்கும் மத்தளம் எப்படி மாறும், ஒன்றுமே அதில் இராது. எழுதத் தெரியாமல் விடவில்லை. அண்ணாவியார் பக்கத்தில் இருப்பார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட கொப்பி அது. அவரில்லாமல் கொப்பியை மட்டும் அலுமாரியில் வைத்தால், அது பூட்டைத் தொலைத்துவிட்டுத் திறப்பை மட்டும் கொழுவி வைத்ததுபோல. அதனால்தான் சொல்கிறேன், கொப்பி வைத்திருக்கிற அறையிலேயே, கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, பாடத் தெரிந்தவர் பாட வேண்டும். மண்டபத்தில் நடப்பது வேறு. அங்கே முழு உடுப்போடு கூத்து நடக்கும், சனம் பார்த்துவிட்டுப் போகும். இங்கே ஒரு தருவை நிறுத்தி, மறுபடி பாடச் சொல்லி, ஏன் அப்படி இழுக்கிறீர்கள் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கலாம். அந்தக் கேள்வி மண்டபத்தில் வராது.

பேசாலையில் கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் உடக்குப் பாஸையும் நினைத்துக்கொள்ளும். அங்கே உருவங்களே பாத்திரங்கள். அந்த உருவத்தை நீர் எந்த இடத்தில் வைப்பீர்? அலுமாரியிலா, மேடையிலா? பொருளையும் நிகழ்ச்சியையும் பிரிக்க முடியாது என்பதற்கு எங்கள் கடற்கரையிலேயே சாட்சி இருக்கும்போது வாஷிங்டனுக்கு ஏன் போனேன் என்று நீர் கேட்டால், அந்தப் பெரியவருக்காகத்தான்.

கைப்பணிக்கும் இதே நியாயம். ஒரு கடகத்தை எடுத்துத் திருப்பிப் பாரும். அடி சதுரம், வாய் வட்டம். சதுரம் எந்த இடத்தில் வட்டமாகிறது என்று முடிந்த கடகத்தில் விரல் வைத்துச் சொல்ல முடியாது. மூலை திரும்புகிற இடத்தில் பின்னுகிறவரின் இடக்கைப் பெருவிரல் ஓலையை அமுக்கிப் பிடிப்பதைப் பார்த்தால்தான் விளங்கும். அதற்கு மேலே பனைமட்டை நாரால் விளிம்பு பொத்தவேண்டும். சாரோலை எது, குருத்தோலை எது, எதைக் கடகத்துக்கு எடுப்பது, எதைப் பெட்டிக்கு எடுப்பது என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். ஆகவே உங்கள் அறையில் முடிந்த கடகம் ஒன்றோடு, அடி மட்டும் முடித்தது ஒன்று, மூலை திருப்பியது ஒன்று, நார் பொத்தாதது ஒன்று என்று வரிசையாக வையும். பின்னலுக்குக் காலை நேரத்தை ஒதுக்கும். வெயில் ஏறினால் ஓலை காய்ந்து முறியும். நனைத்து நனைத்துத்தான் பின்ன வேண்டும். பகல் 2 மணிக்குக் கைப்பணிப் பட்டறை வைக்கிறவர்கள் ஓலையைக் கண்டதே இல்லை.

இலக்கியக் கூட்டம் பற்றியும் கேட்டிருந்தீர். வைக்கத்தான் வேண்டும், ஆனால் பொருளை நடுவில் வைத்து. மாதோட்டம் என்ற பழைய துறைமுகமான மாந்தையை எடுத்துக்கொள்ளும். 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அங்கே அகழ்ந்தபோது சீனத்து மட்பாண்டமும் மேற்காசிய மட்பாண்டமும் கிடைத்தன. 2009, 2010 அகழ்வில் கிடைத்த கருகிய தாவர எச்சங்களை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மிளகு மணிகளோடு ஒரு கராம்பும் கிடைத்திருக்கிறது, கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. கராம்பு அந்தக் காலத்தில் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில்தான் விளைந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடல் தாண்டி எங்கள் மாதோட்டத்துக்கு வந்திருக்கிறது! அதே துறையின் கேதீச்சரக் கோயிலைச் சம்பந்தரும் பாடினார், சுந்தரரும் பாடினார். ஒரு மேசையில் கடையில் வாங்கிய கராம்பையும் மிளகையும் வையும். ஒருவர் அகழ்வைச் சொல்லட்டும், ஒருவர் அந்தப் பதிகங்களைப் பண்ணோடு பாடட்டும், பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் எழுதியதை வாசிக்கட்டும். எருக்கலம்பிட்டியில் மீள்குடியேறியவர்களையும் கூப்பிடும். கடல் வணிகத்தின் கதையை அவர்கள் இல்லாமல் சொல்வது அரைகுறை. மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு வரும் சிங்கள யாத்திரிகர்களுக்கும் கதவு திறந்திருக்கட்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பொன்னாடை வேண்டாம். பிரதம விருந்தினர் வேண்டாம். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை முடிந்து, 80 வயது அண்ணாவியாரிடம் ‘நேரம் போதவில்லை, 5 நிமிடத்தில் முடியுங்கள்’ என்று சொல்கிற கூட்டங்களில் இருந்து இருந்து எனக்கு அலுத்துவிட்டது. அப்படி ஒரு கூட்டம் நடத்துவதானால் அறையைப் பூட்டியே வையும். வருகிற கலைஞருக்குப் போக்குவரத்துக் காசும் அன்றைய கூலியும் கையில் கொடும். பெட்டி பின்னுகிற அம்மா ஒரு நாள் வந்தால் அவருக்கு ஒரு நாள் வருமானம் இல்லை. ‘கலைச்சேவை’ என்ற பெயரில் ஏழையின் நாளை எடுத்துக்கொள்வது பாவம்.

பதிவு செய்வதிலும் ஒழுங்கு வேண்டும். கைத்தொலைபேசியில் நல்ல பகுதியை மட்டும் பிடித்து அனுப்புவது பதிவு ஆகாது. தொடக்கம் முதல் முடிவு வரை, பிழைவிட்டுத் திருத்திப் பாடியது உட்பட, முழுவதும் பிடியும். பாடியவர் யாரிடம் பழகினார், எந்த ஊரில், எந்த வயதில், அந்தக் கொப்பியை யார் பார்த்து எழுதினார் என்று கேட்டு, அவர் சம்மதத்தோடு எழுதி, பதிவின் ஒரு பிரதியை அவர் வீட்டுக்கே கொடும். இவை இல்லாத ஒலிப்பதிவு 20 வருடத்தில் யாருடையது என்று தெரியாத சத்தமாகிவிடும்.

ஆகவே பெரியவருக்கு நீர் சொல்ல வேண்டிய பதில் இவ்வளவுதான்: ஒரு பொருளை வைத்தால் அதைச் செய்யவோ பாடவோ தெரிந்த ஒருவரின் பெயரையும் பக்கத்தில் எழுதி, வருடத்துக்கு ஒரு தரமாவது அவரை அந்த அறைக்கு அழைக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால், இருக்கிறவரிடம் ஒரு பிள்ளையைப் பழக விட வேண்டும். இதைத் தீர்மானமாக எழுதிக் கூட்டத்தில் நிறைவேற்றும். அலுமாரி வாங்கும் காசில் பாதியை இதற்கு ஒதுக்கும்.

அடுத்த கடிதத்தில் எனக்கு இரண்டு பட்டியல் வர வேண்டும். உங்கள் அறைக்குக் கிடைத்த பொருள்கள் ஒன்று. அந்தப் பொருள்களைக் கையாளத் தெரிந்த, இப்போது உயிரோடு இருக்கிற ஆட்கள் மற்றொன்று. இரண்டாவதை முதலில் எழுதும், அதற்குத்தான் அவசரம்.

அன்புடன்,
உமது ஆசிரியர்