வீட்டில் அச்சுச் சுற்றுப் பலகை ஆக்கல்

வானொலிப் பெட்டியொன்றைத் திறந்து நோக்குவோர், பச்சைநிறப் பலகையொன்றின்மீது செப்புக் கோடுகள் பின்னிக் கிடத்தலைக் காண்பர். இதுவே அச்சுச் சுற்றுப் பலகை. வியன்னாவிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய போல் ஐஸ்லர் என்பார், 1936 ஆம் ஆண்டளவில் இத்தகைய சுற்றைக் கொண்டு வானொலியொன்றை அமைத்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றாசு வைத்து இணைக்குந் தொல்லை அதனால் ஒழியலாயிற்று. தொழிற்சாலைக்கே உரியதென எண்ணப்படும் இப்பலகையை, இலேசர் அச்சுப்பொறியும் மின்னழுத்தியும் உள்ள இல்லத்தில் ஒரு மாலைப்பொழுதில் ஆக்கிவிடலாம்.

இம்முறையின் உயிர்நிலை ‘ரோனர்’ எனும் கரிய தூளில் உள்ளது. அது மையன்று, கரி கலந்த பிளாத்திக்குத் தூள். வெப்பத்தால் உருகித் தாளிற் பற்றும். மீண்டுஞ் சூடேற்றின் மீண்டும் உருகும். ஆகவே தாளிலுள்ள படத்தைச் செம்பின்மேற் கவிழ்த்து வெப்பமும் அழுத்தமுங் கொடுப்பின் அது செம்பிற்கு இடம்பெயரும். அரிக்குந் திரவம் அதனை ஊடுருவாது. மையைத் தெளித்து அச்சிடும் பொறி இதற்குச் சற்றும் உதவாது.

மாணவர் பெரிதும் இடர்ப்படுவது இடம்வல மாற்றத்திலேயாம். உறுப்புகள் பலகையின் ஒருபுறத்திலும் செம்பு மறுபுறத்திலும் அமையும். உறுப்புப் பக்கத்தினின்று பலகையை ஊடுருவி நோக்குவதுபோல் வரைந்த படத்தை உள்ளவாறே அச்சிடலாம். செம்புப் பக்கத்தை நேரே நோக்கி வரைந்ததாயின் கண்ணாடி விம்பமாகத் திருப்புதல் வேண்டும். செப்புப் படத்தின் மூலையில் ஓர் எழுத்தை இடுக. தாளில் அது இடம்வலம் மாறித் தோன்றினாற்றான் செம்பில் நேராக விழும். இதனை மறந்து யான் ஆக்கிய முதற் பலகையில் 555 சில்லின் எட்டுக் கால்களும் பக்கம் மாறின. சில்லைச் செம்புப் பக்கத்திலேயே பதித்துத் தப்பினேன்.

செம்பை உருக்குக் கம்பளியால் துலக்கியபின் விரல் படலாகாது; விரலின் எண்ணெய் போதும், ரோனர் பற்றாதுவிட. வழவழப்பான சஞ்சிகைத் தாள் நன்று. நீராவியின்றி, பருத்திக்குரிய வெப்பத்தில் நாலைந்து நிமிடம் அழுத்துக. ஓரங்களை மறவற்க. ஆறியபின் நீரில் ஊறவைத்துப் பெருவிரலாற் றேய்ப்பின் தாள் கழன்று படம் எஞ்சும். அறுந்த கோடுகளை அழியா மைப்பேனையாற் றிருத்தலாம்.

அரித்தற்குப் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசல் வேண்டும். தூளைச் சிறிது சிறிதாக நீரிலிடுக. மிகுந்த வெப்பம் எழும். கையுறையும் கண்காப்பும் இன்றியமையாதன. பாத்திரம் பிளாத்திக்காயிருத்தல் வேண்டும். பொதுவாகப் பலகையிலுள்ள செம்பு மில்லிமீற்றரின் 1000 இல் 35 பங்கு தடிப்பினதே. இளஞ்சூட்டில் அசைத்துக்கொண்டிருப்பின் அரைமணிக்குள் வெறுவெளிச் செம்பு கரைந்துவிடும். பின்னர் ரோனரை அசற்றோனால் துடைத்து, 0.8 அல்லது 1 மில்லிமீற்றர் அலகினாற் றுளையிடுக. கண்ணாடி நாரின் தூசு நெஞ்சுக்கு ஆகாதாதலின் முகமூடி அணிக.

எஞ்சிய கரைசலை என் செய்வது? முதன்முறை அதனை வாளியில் ஏந்திக் கிணற்றடி வாழைக்கு ஊற்றச் சென்றேன். “அதென்ன தண்ணி, தம்பி?” என்றார் ஐயா. செம்பு கரைந்த நீர் என்றேன். அவர் கிணற்றைப் பார்த்தார். நான் வாளியைத் திருப்பிக் கொணர்ந்தேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கற் பிளவுகளிடை நிற்கும் நீரையே நம்பியுள்ள இல்லங்கள் பல. மேலே ஊற்றுவது அப்பிளவுகளின் வழியே விரைந்து இறங்கும். செப்புப்பு வயிற்றுக்கு நஞ்சு, மீனுக்குக் கொடுநஞ்சு.

கரைசலை மூடிவைப்பின் பல பலகைகளுக்கு உதவும். வலிமை குன்றியபின் பெரிய பாத்திரத்தில் விட்டுச் சலவைச் சோடாவைச் சிறுகச் சிறுக இடுக, நுரைத்துப் பொங்கும். நுரை அடங்குமட்டும் இட்டால் செம்பும் இரும்பும் சேறாகப் படியும். அக்கலவை முழுவதையும் சீமெந்துடன் குழைத்து இறுகவிடல் என் வழக்கம். அத்தகைய கட்டிகள் இரண்டு என் மேசையின்கீழ் உள.