செத்தது நம்ம தப்பா, கேமோட தப்பா?

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவரா நீங்க? அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பரண்ல தேடிப் பாருங்க. அண்ணனோ சித்தப்பாவோ விட்டுட்டுப் போன டிவி கேம் பெட்டியும், '9999999 இன் 1'னு போட்ட கேசட்டும் கிடைக்கலாம். (உள்ளே இருக்கறது என்னவோ கொஞ்சம் கேம்தான்.) அதுல கன்ட்ரா இருந்தா போட்டுப் பாருங்க. டிவிக்கு 1988-ல் வந்த கேம். மூணு லைஃப், ஒரு குண்டு பட்டா ஒரு லைஃப் காலி. கஷ்டம்தான், ஆனா கேம் மேல கோபம் வராது. குண்டு வெள்ளைப் புள்ளியா, மெதுவா வரும். பார்த்துக்கிட்டே போய் மாட்டியிருப்போம்.

பொங்கல் லீவுல என் கேமை சித்தி பையன்கிட்ட கொடுத்தேன். சுரங்கத்துக்குள்ள ஓடிச் சுடுற பழைய பாணி கேம், மூணு மாச உழைப்பு. கன்ட்ராவே மணிக்கணக்கா ஆடுறவன், நாலு நிமிஷத்துல போனைத் திருப்பிக் கொடுத்துட்டான். "இது ஏமாத்துதுண்ணா."

சுருக்குன்னு இருந்துச்சு. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் உங்க கேமுக்குப் போட்டுப் பாருங்க.

நொடிக்கு 60 ஃபிரேம். கண்ணு பார்த்து விரல் அசையச் சராசரியா கால் நொடி, அதாவது 15 ஃபிரேம். என் குண்டு ஃபிரேமுக்கு 4 பிக்சல் நகரும். அப்போ 60 பிக்சலுக்குள்ளிருந்து கிளம்புற குண்டைப் பார்த்துத் தப்பிக்க வழியே இல்லை. என் எதிரி பாறைக்குப் பின்னாடி 40 பிக்சல்ல நின்னு சுட்டான். வெறும் 10 ஃபிரேம்! போனோட தொடுதிரைத் தாமதம் வேற. எனக்கு மட்டும் இது உறைக்கவே இல்லை. அவன் எங்கே நிக்கறான்னு எனக்குத்தான் மனப்பாடமாச்சே.

(இன்னொண்ணு. நம்ம பழைய டிவி பால் முறை, நொடிக்கு 50. 60-க்கு எழுதின கேம் அதுல அப்படியே ஓடினா ஆறுல ஒரு பங்கு மெதுவாயிடும். அண்ணன்மார் பெருமையில கொஞ்சம் கழிச்சுக்கலாம்.)

குண்டோட வேகத்தை நான் குறைக்கலை. சுடறதுக்கு 20 ஃபிரேம் முன்னாடி அவனைத் துப்பாக்கியைத் தூக்க வெச்சேன். மொத்தம் 30 ஃபிரேம், அரை நொடி. ஹீரோவோட ஹிட்பாக்ஸை உருவத்தைவிடச் சின்னதாக்கினேன். தலைமுடியில உரசினதுக்கெல்லாம் சாகக் கூடாது. 2018-ல் வந்த செலஸ்ட்ல இருந்தும் ஒண்ணு சுட்டேன். விளிம்பைத் தாண்டின பிறகும் 0.1 நொடிக்கு அது நம்மளைக் குதிக்க விடும். ஆடுறவங்களுக்கு அது தெரியவே தெரியாது, 'நான் சரியாத்தான் குதிச்சேன்'னு நினைச்சுப்பாங்க.

'ரெட்ரோன்னா அப்படித்தான்டா இருக்கும்'னு ரூம்மேட் சொன்னான். கன்ட்ரா முதல்ல 1987-ல் காசு போட்டு ஆடுற ஆர்கேட் மெஷின்ல வந்தது. அங்கே நீங்க சீக்கிரம் செத்தாத்தான் அடுத்த காசு விழும். நம்ம கேமுக்கு யார் காசு போடப் போறாங்க?

மாத்தின கேமைத் தம்பிக்கு அனுப்பினேன். ரெண்டாவது லெவல்ல 31 தடவை செத்திருக்கான். "லிஃப்ட்கிட்ட நான்தாண்ணா அவசரப்பட்டேன்"னு வாய்ஸ் நோட். பாஸா வர்ற பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் மட்டும் இன்னும் ஏமாத்துதாம். அதுக்கு இன்னும் கணக்குப் போடலை.