கட்டங்களுக்குள் ஒரு நூலகம்

நுழையும்முன்

ஒரே நூலின் மூன்று படிகள் அலமாரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை மூன்று நூல்களா, ஒரு நூலா? நூலகர் இடத்திற்கேற்ப இரு விடைகளையும் தயக்கமின்றிச் சொல்வார்; கேட்பவரும் குழப்பமின்றிப் புரிந்துகொள்வார். கணினிக்கு அந்த நெகிழ்வு இல்லை. அதனிடம் சொல்வதற்கு முன்னர், சொல்பவர் தமக்குள்ளேயே தெளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அத்தெளிவைக் கட்டங்களாலும் கோடுகளாலும் எழுதிப் பார்க்கும் முறையே இனக்குழு வரைபடம்.

மூவர் வகுத்த குறிமொழி

நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரிலுள்ள நார்வேஜியக் கணினி மையத்தில் ஓலே-யோஹன் டால், கிறிஸ்டன் நியூகோர் ஆகிய இருவரும் 1960களில் சிமுலா என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். ஒத்த இயல்புடைய பொருள்களை ஓர் இனமாகக் கொண்டு, அவ்வினத்தின் பண்புகளையும் செயல்களையும் ஓரிடத்தில் வரையறுக்கும் எண்ணம் அவர்களது சிமுலா 67இல் வடிவம் பெற்றது. பொருள்நோக்கு நிரலாக்கம் என்று பின்னாளில் பெயர்பெற்ற நெறிக்கு அதுவே வித்து. தமிழ்க் கணினியியல் நூல்கள் அவ்வினத்தை ‘இனக்குழு’ என்றே வழங்குகின்றன. மக்கட்கூட்டத்தைக் குறிக்கவும் அச்சொல் வழங்குவதால், முதன்முறை படிப்போர் சற்றே திகைப்பதுண்டு.

1990களின் தொடக்கத்தில் இந்நெறியில் மென்பொருள் வடிவமைத்தோர் பலர். அவர்கள் வரைந்த குறியீடுகளும் பல. கிரேடி பூச் இனக்குழுவை மேகவடிவில் வரைந்தார். ஜேம்ஸ் ரம்பா செவ்வகமாக வரைந்தார். எரிக்சன் நிறுவனத்தில் பணியாற்றிய ஐவார் யாக்கப்சன், பயனர் ஒரு மென்பொருளை எதற்காக நாடுகிறார் என்பதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கும் முறையை வகுத்திருந்தார். ஒருவர் வரைந்ததை மற்றவர் படிக்க முடியாத நிலை. 1994இல் ரம்பாவும், 1995இல் யாக்கப்சனும் பூச் பணியாற்றிய ரேஷனல் நிறுவனத்தில் சேர்ந்தனர். மூவரும் தத்தம் குறியீடுகளை ஒன்றாக்கினர். அவ்வாறு பிறந்த ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழியை, அதாவது யு.எம்.எல்.லை, ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் என்னும் தர அமைப்பு 1997 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. 2005இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. மேகம் மறைந்து செவ்வகம் நிலைத்தது. மேகத்தைக் கையால் வரைவது எளிதன்று என்பதை வரைந்து பார்த்தோர் அறிவர்.

மூன்று அறைகள்

இனக்குழுவைக் குறிக்கும் செவ்வகம் மூன்று அறைகளாகப் பகுக்கப்படும். மேலறையில் பெயர், நடுவறையில் பண்புக்கூறுகள், கீழறையில் செயற்கூறுகள். ‘உறுப்பினர்’ என்னும் இனக்குழுவிற்குப் பெயர், உறுப்பினர் எண், சேர்ந்த நாள் ஆகியன பண்புக்கூறுகள். நூல் பெறுதல், நூலைத் திருப்புதல் ஆகியன செயற்கூறுகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறுகுறி இடப்படும். கூட்டல் குறி இட்டதை எவரும் அணுகலாம். கழித்தல் குறி இட்டதை அவ்வினக்குழு மட்டுமே அணுகலாம். வேலிபோன்ற # குறி இட்டது அவ்வினக்குழுவிற்கும் அதன் வழித்தோன்றல்களுக்கும் உரியது. இனக்குழுவின் பெயர் சாய்வெழுத்தில் இருப்பின், அது நேரடியாகப் பொருள்களைப் படைக்காத அருவ இனக்குழு என்று கொள்ள வேண்டும்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வறைகள் முற்றிலும் புதியனவல்ல. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் எனப் பெயர்ச்சொல்லை அறுவகையாகப் பகுத்த மரபில், பொருளும் அதன் குணமும் அதன் தொழிலும் தனித்தனியே வைத்து எண்ணப்பட்டுள்ளன. இதனைக் கொண்டு இலக்கண ஆசிரியர்கள் கணினியை முன்னரே கண்டனர் என்று கூறுவது வெற்றுப் பெருமை. உலகைச் சொல்லால் பகுக்க முயன்றோரும் கட்டத்தால் பகுக்க முயன்றோரும் ஒரே வினாவை எதிர்கொண்டனர் என்பதே இவ்வொற்றுமையின் பொருள்.

நூலா, படியா?

ஒரு பள்ளி நூலகத்திற்கு மென்பொருள் எழுத முனையும் குழுவைக் கருதுவோம். அக்குழு முதலில் ‘நூல்’ என்னும் ஓர் இனக்குழுவை மட்டும் வரைகிறது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், சேர்க்கை எண், இப்போது பெற்றிருப்பவர் ஆகிய ஐந்தும் அதன் பண்புக்கூறுகள். பார்வைக்கு எக்குறையும் இல்லை.

நூலகத்திற்கு ஓர் அகராதியின் நான்கு படிகள் வருகின்றன. நான்கும் நான்கு நூல்களாகப் பதிவாகின்றன. தலைப்பும் ஆசிரியர் பெயரும் நான்கு முறை தட்டச்சிடப்படுகின்றன. ஒரு பதிவில் ‘அகராதி’ என்றும், மற்றொன்றில் எழுத்துப்பிழையாக ‘அகாரதி’ என்றும் அமைந்துவிடுகின்றன. தேடும் மாணவருக்கு மூன்று படிகளே கிடைக்கும். நான்காவது, அலமாரியில் இருந்தும் இல்லாததாகும். பிழை தட்டச்சிட்டவருடையது போலத் தோன்றும். ஆனால், ஒரே செய்தியை நான்கிடத்தில் எழுதுமாறு பணித்தது வரைபடமே.

ஆதலின் குழு ஒரு கட்டத்தை இரண்டாக்குகிறது. ‘நூல்’ என்பதில் தலைப்பும் ஆசிரியரும் பதிப்பகமும் தங்குகின்றன. ‘படி’ என்னும் புதிய இனக்குழுவிற்குச் சேர்க்கை எண்ணும், கிழிந்ததா நன்னிலையில் உள்ளதா என்னும் நிலையும் செல்கின்றன. ‘பெற்றிருப்பவர்’ என்பதும் படியோடு செல்கிறது. மாணவர் வீட்டிற்கு எடுத்துச் செல்வது படியையேயன்றி நூலையன்று.

இங்கே அடுத்த முடிச்சு விழுகிறது. திருப்பித் தரவேண்டிய நாள் யாருக்கு உரியது? உறுப்பினரின் பண்பு என்றால், அவர் இரண்டு படிகளைப் பெற்றிருக்கும்போது எந்த நாளைக் குறிப்பது? படியின் பண்பு என்றால், படி திரும்பியதும் அந்நாள் அழிக்கப்படும். அடுத்தவர் பெயர் அவ்விடத்தில் ஏறும். சில திங்கள் கழித்து நூலில் பத்துப் பக்கங்கள் கிழிக்கப்பட்டிருப்பது தெரியவந்தால், கடைசியாகப் பெற்றவர் பெயர் மட்டுமே பதிவில் எஞ்சியிருக்கும். கிழிக்காத ஒரு மாணவர் தண்டம் செலுத்த நேரிடும்.

அந்த நாள் உறுப்பினருக்கும் உரியதன்று, படிக்கும் உரியதன்று. இருவருக்குமிடையே நிகழ்ந்த ஒரு நிகழ்வுக்கு உரியது. அந்நிகழ்வையே ஓர் இனக்குழுவாக்கி, ‘கடன்பதிவு’ எனப் பெயரிட்டு, பெற்ற நாள், தரவேண்டிய நாள், தந்த நாள் ஆகியவற்றை அதனுள் வைத்ததும் சிக்கல் அவிழ்கிறது. ‘பெற்றிருப்பவர்’ என்னும் பண்புக்கூறு படியிலிருந்து நீக்கப்படுகிறது. ஒரு படிக்குப் பல கடன்பதிவுகள். ஓர் உறுப்பினருக்கும் பல கடன்பதிவுகள். ஒரு கடன்பதிவுக்கு ஒரே படி, ஒரே உறுப்பினர். கண்ணுக்குத் தெரியும் பொருள்களே கட்டமாகும் என்று எண்ணியவர், கண்ணுக்குத் தெரியாத நிகழ்வுக்கும் கட்டம் வேண்டும் என்று உணரும் இடம் இதுவே. வரைபடக் கலையில் கடினமான பகுதியும் இதுவே. குறியீடுகளை ஒரு நாளில் கற்றுவிடலாம்.

கோடுகள் சொல்வன

இரு கட்டங்களை இணைக்கும் நேர்கோடு தொடர்பைக் குறிக்கும். அதன் இரு முனைகளிலும் எண்ணளவு எழுதப்படும். 1 என்றால் ஒன்றே, 0..1 என்றால் ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம், 1..* என்றால் ஒன்றேனும் வேண்டும். விண்மீன்குறி மட்டும் இருந்தால் எத்தனையும் ஆகலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். நூலுக்கும் படிக்கும் இடையிலான கோட்டில், படியின் முனையில் 1..* என்று எழுதுவதே இயல்பாகத் தோன்றும். ஆனால் இருந்த ஒரே படியும் செல்லரித்துக் கழிக்கப்பட்டால், அந்நூலைப் பற்றிய பதிவும் உடன் நீங்கியாக வேண்டும் என்று அக்குறி வற்புறுத்தும். மீண்டும் வாங்கவேண்டிய நூல்களின் பட்டியலை நூலகர் எங்கிருந்து எடுப்பார்? 0..* என எழுதினால் பதிவு நிலைக்கும். ஒன்றுக்கும் சுழியத்திற்கும் இடைப்பட்ட இவ்வேறுபாட்டை வரைபடத்தில் மாற்ற ஒரு நொடி போதும். எழுதி முடித்த மென்பொருளில் மாற்றப் பல நாள்கள் ஆகலாம்.

முழுமைக்கும் உறுப்புக்கும் உள்ள உறவை வைரவடிவம் காட்டும். அது முழுமையின் பக்கம் அமையும். உள்ளீடற்ற வைரம் தளர்ந்த உறவு. நிரப்பப்பட்ட வைரம் இறுகிய உறவு. நூலகம் மூடப்பட்டால் அதன் படிகள் வேறு நூலகத்திற்குச் செல்லலாம்; எனவே அங்கு உள்ளீடற்ற வைரம். ஒரு நூலின் பதிவை நீக்கினால் அதற்கென எழுதப்பட்ட பொருளடக்க வரிகளுக்குத் தனிவாழ்வு இல்லை. அங்கு நிரப்பப்பட்ட வைரம். நிரப்பப்பட்ட வைரத்தின் உறுப்பு ஒரே நேரத்தில் இரு முழுமைகளுக்கு உரியதாதல் கூடாது.

தெரிந்து தெளிவோம்
ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தமிழ் இலக்கணம் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பிரிக்கிறது. ‘கண்ணனது கை’ என்பதில் கை கண்ணனிலிருந்து பிரிக்கவியலாதது, அது தற்கிழமை. ‘கண்ணனது வீடு’ என்பதில் வீடு பிறருக்கு உரிமையாகவும் கூடும்; அது பிறிதின்கிழமை. நிரப்பிய வைரத்தையும் உள்ளீடற்ற வைரத்தையும் நினைவில் நிறுத்த இப்பாகுபாடு துணைசெய்யும். இரண்டும் எல்லா இடத்திலும் பொருந்தும் என்று கொள்ளுதல் வேண்டா.

மரபுரிமத்தைக் குறிப்பது உள்ளீடற்ற முக்கோண முனையுடைய கோடு. ‘மாணவ உறுப்பினர்’, ‘ஆசிரிய உறுப்பினர்’ ஆகிய இரண்டும் ‘உறுப்பினர்’ என்னும் பொது இனக்குழுவின் வழித்தோன்றல்கள். முக்கோணம் வழித்தோன்றலிலிருந்து மூலத்தை நோக்கி இருக்கவேண்டும். குடும்ப மரத்தில் தாத்தாவிலிருந்து பேரனுக்குக் கோடு இறங்கிப் பழகிய கை, இதனைத் தலைகீழாக வரைந்துவிடும். பேரன் தன் மூலத்தைச் சுட்டுகிறான் என்று எண்ணினால் தடுமாற்றம் நீங்கும்.

கருவியில் வரைதல்

தாளிலும் கரும்பலகையிலும் இவ்வரைபடத்தை வரையலாம். தொடக்கத்தில் அதுவே நன்று. கட்டங்கள் பெருகியதும் மாதிரியாக்கக் கருவி தேவைப்படும். அம்பிரெல்லோ, பாப்பிரஸ், ஸ்டார் யு.எம்.எல். எனக் கருவிகள் பல உள. அவற்றுள் ஆர்கோ யு.எம்.எல். கற்போர்க்குப் பொருத்தமான ஒன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஜேசன் ராபின்ஸ் தம் ஆய்வின் பகுதியாக 1990களின் பிற்பகுதியில் இதனை உருவாக்கினார். திறந்த மூல மென்பொருள் ஆதலால் விலையின்றிக் கிடைக்கிறது. முதற்பதிப்பு யு.எம்.எல். குறியீடுகளையே இது பின்பற்றுகிறது என்பது இதன் குறை. இனக்குழு வரைபடம் கற்போர்க்கு அதனால் பெரிய இழப்பில்லை.

திரையின் இடப்புறத்தில் மாதிரியின் கூறுகள் மரக்கிளைபோல் விரிந்திருக்கும், நடுவே வரைதளம், கீழே, தேர்ந்தெடுத்த கூறின் விவரங்கள். கருவிப்பட்டையில் இனக்குழுப் படவுருவைச் சொடுக்கி, வரைதளத்தில் சொடுக்கினால் பெயரற்ற செவ்வகம் தோன்றும். பெயரறையில் இருமுறை சொடுக்கிப் பெயரை எழுதலாம். செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதன் நாற்புறமும் சிறுபொத்தான்கள் எட்டிப்பார்க்கும். பக்கவாட்டுப் பொத்தானைப் பிடித்து இழுத்தால் தொடர்புக்கோடும், மேலுள்ள பொத்தானை இழுத்தால் மரபுரிமக்கோடும் பிறக்கும். கலைந்து கிடக்கும் கட்டங்களை ஒரே வரிசையில் தள்ளி நிறுத்துவதற்கு விளக்குமாறு வடிவில் ஒரு கருவியும் உண்டு.

இக்கருவியின் தனிச்சிறப்பு, அதனுள் இயங்கும் ‘திறனாய்வாளர்கள்’. அவை மனிதரல்லர், வரைபவரின் வேலையைப் பின்னணியில் நோக்கிக்கொண்டிருக்கும் சிறுநிரல்கள். பெயரில்லாத இனக்குழு, பண்புக்கூறே இல்லாத இனக்குழு, தன்னையே சுற்றிவரும் மரபுரிமம் போன்றவற்றைக் கண்டால், ‘செய்யவேண்டியவை’ பட்டியலில் ஒரு குறிப்பைச் சேர்க்கும். வரைவதைத் தடுப்பதில்லை, உடனே திருத்துமாறு வற்புறுத்துவதுமில்லை. எனினும், நூலும் படியும் ஒன்றாக்கப்பட்டிருந்தால் அப்பிழையை எந்தத் திறனாய்வாளரும் சுட்டாது. இலக்கணப்பிழை அதற்குத் தெரியும், பொருட்பிழை தெரியாது.

திருத்தும்போது

தாளில் வரைவதற்கும் கருவியில் வரைவதற்கும் உள்ள வேறுபாடு திருத்தும்போதுதான் வெளிப்படும். கருவி காப்பது படத்தையன்று, மாதிரியை. படம் அம்மாதிரியைப் பார்க்கும் ஒரு சாளரம். ‘படி’ என்னும் இனக்குழு மூன்று வரைபடங்களில் இடம்பெற்றிருந்தாலும் மாதிரியில் அது ஒன்றே. அதன் பெயரைப் ‘பிரதி’ என ஒரு வரைபடத்தில் மாற்றினால் மூன்றிலும் மாறிவிடும்.

நீக்குவதில் இவ்வேறுபாடு இடர்தரும். வலப்பொத்தானைச் சொடுக்கினால் இருவகை நீக்கங்கள் தோன்றும். ‘வரைபடத்திலிருந்து அகற்று’ என்பது அப்படத்திலிருந்து மட்டும் கட்டத்தை மறைக்கும். இடப்புற மரத்தில் இனக்குழு அப்படியே இருக்கும். வேண்டும்போது மீண்டும் வரைதளத்தில் சேர்க்கலாம். ‘மாதிரியிலிருந்து நீக்கு’ என்பது இனக்குழுவை வேரோடு களையும். எல்லா வரைபடங்களிலிருந்தும் அது மறையும். அதனைத் தொட்ட கோடுகளும் உடன் மறையும். செய்ததை மீட்கும் வசதி ஆர்கோ யு.எம்.எல்.லில் நெடுங்காலம் இல்லாதிருந்தமையால், பெருந்திருத்தத்திற்கு முன் கோப்பை வேறொரு பெயரில் சேமித்துக்கொள்ளும் வழக்கம் அதன் பயனரிடையே வேரூன்றியது. சேமித்த கோப்பின் வகைப்பெயர் ‘சார்கோ’. அது ஒரு சுருக்கக் கோப்பு. மாதிரி அதனுள் எக்ஸ்.எம்.ஐ. என்னும் பொதுவடிவில் எழுதப்பட்டிருக்கும்.

வரைபடம் முற்றுப்பெற்றதும் கருவி அதிலிருந்து ஜாவா நிரலை உருவாக்கித் தரும். நூல், படி, உறுப்பினர், கடன்பதிவு என ஒவ்வொரு கட்டமும் ஒரு கோப்பாகும். பண்புக்கூறுகள் மாறிகளாக வரிசையில் நிற்கும். செயற்கூறுகளின் பெயர்களும் அடைப்புக்குறிகளும் உரிய இடத்தில் இருக்கும். அடைப்புக்குறிகளுக்குள் உள்ள இடம் மட்டும் நிரலரின் கைக்காக வெறுமையாக விடப்பட்டிருக்கும்.