மைனஸ் 2000

கேள்வி: மென்பொருள் துறையில் யார் உருப்படியாக வேலை செய்கிறார் என்று எப்படி அளப்பது? குழுத் தலைவரின் வேலைதான் என்ன?

பதில்: எழுதிய வரிகளை எண்ணிப் பார்த்தால் போதும் என்று நினைத்தவர்கள் உண்டு. 1982இல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினிக் குழுவில், வாரந்தோறும் எத்தனை வரி நிரல் எழுதினீர்கள் என்று படிவம் கொடுத்துக் கேட்டார்கள். அக்குழுவின் நிரலாளர் பில் அட்கின்சன் அப்போது வரைகலை நிரலின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். வேகம் ஏறக்குறைய ஆறு மடங்கானது; சுமார் 2000 வரிகள் குறைந்தன. படிவத்தில் மைனஸ் 2000 என்று நிரப்பிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். வேறென்ன செய்வார்கள்!

அளவுகோலே இல்லையென்றால் சோம்பேறிக்குக் கொண்டாட்டம்தானே என்பீர்கள். வரிக் கணக்கில்தான் அவர் மாட்டவே மாட்டார். வளவளவென்று எழுதித் தப்பித்துவிடுவார். பயன்படுத்துகிறவருக்குக் காரியம் நடந்ததா, அடுத்தவர் அந்த நிரலைப் படித்துத் திருத்த முடிகிறதா என்று பாருங்கள். ஆளைக் கூட்டினால் வேலை முடியும் என்பதும் இதே வகைப் பிழைதான். தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று, ஐபிஎம்மில் பெருந்திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதினார். 5 பேர் குழுவில் 10 ஜோடிகள் பேசிக்கொள்ள வேண்டும். 10 பேரானால் 45 ஜோடிகள். இந்தச் சுமையைக் குறைத்து, வேண்டாத வேலையை வேண்டாமென்று மேலிடத்தில் சொல்லத் துணிகிறவரையே நான் தலைவர் என்பேன்.