அணு உலைக் கலன் கண்ணாடிபோல் உடையுமா?

கேள்வி: அணு உலையின் அழுத்தக் கலன் ஏறக்குறைய 20 செ.மீ. தடிப்புள்ள எஃகு. அதுவே நாளாக நாளாகக் கண்ணாடிபோல் நொறுங்கக்கூடும் என்கிறார்களே, துருதான் காரணமா?
- வாசகி ஒருவர், வள்ளியூர்

பதில்: துரு அல்ல. கலனின் உட்புறத்தில் துருப்பிடிக்காத எஃகுப் பூச்சு உண்டு. சிக்கல் எஃகின் உள்கட்டமைப்பில் இருக்கிறது.

எஃகு ஒரே பாளமாகத் தெரிந்தாலும், நெருக்கமாக ஒட்டிய நுண்ணிய படிகமணிகளால் ஆனது. விசை கூடும்போது மணிகளுக்குள் அணு அடுக்குகள் வழுக்கும். எஃகு நெளிந்து தாக்குப்பிடிக்கும். குளிரில் அந்த வழுக்கல் குறையும். அப்போது மணிகளின் ஓரத்திலுள்ள கார்பைடு துகள் ஒன்று பிளந்தாலும் போதும், விரிசல் மணியைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு ஓடும். மணிகள் சிறிதாக இருந்தால் எல்லைகள் அதிகம். ஒவ்வோர் எல்லையிலும் விரிசல் திசைமாறித் தடுமாறும். அதனால்தான் மணிகளைச் சிறிதாக்கித் தயாரிக்கிறார்கள்.

நெளியும் எஃகு நொறுங்கும் எஃகாக மாறும் வெப்பநிலை புதுக் கலனில் மிகத் தாழ்வாக இருக்கும். நியூட்ரான்கள் பல ஆண்டுகள் மோதும்போது அது மெல்ல மேலேறுகிறது. மோதலில் அணுக்கள் இடம்பெயர்ந்து வெற்றிடங்கள் உண்டாகின்றன. அவற்றின் துணையோடு, எஃகில் சிதறியிருந்த செம்பு அணுக்கள் 2, 3 நானோமீட்டர் அளவில் திரண்டு, அடுக்குகள் வழுக்கவிடாமல் தடுக்கின்றன. பழைய கலன்கள் சிலவற்றில் அந்தச் செம்பு வந்த வழி விசித்திரமானது: வெல்டிங் கம்பி துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய செம்பு முலாம்! இன்று செம்புக்குக் கடுமையான உச்சவரம்பு உண்டு. பாஸ்பரஸும் ஆகாது, அது மணி எல்லைகளில் சேர்ந்து பிடிப்பைத் தளர்த்தும்.

உலை 300 டிகிரி செல்சியஸை ஒட்டி இயங்கும்போது கவலையில்லை. அழுத்தம் குறையாத நிலையில், விபத்துக்காலக் குளிர்நீர் சட்டென்று கலன் சுவரில் பட்டால்தான் ஆபத்து.

இதற்கு மருந்தும் உண்டு. ரஷ்யாவின் நோவோவரோனெஷ் 3-ஆம் உலைக் கலனின் வெல்டிங் பகுதியை 1987-இல் 400 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் சூடாக்கி, இழந்த இளக்கத்தைப் பெருமளவு மீட்டார்கள்.

கல்பாக்கம் முன்மாதிரி வேக ஈனுலையின் முதன்மைக் கலன் 316எல்என் என்ற வேறு வகை எஃகு. அதன் அணு அடுக்கமே வேறு, குளிரிலும் வழுக்கும். ஆகவே இந்த வெப்பநிலைத் திருப்பம் அதற்கு இல்லை.

மற்ற கலன்களுக்கு முன்னெச்சரிக்கை இதுதான்: அதே எஃகில் 10 மி.மீ. சதுரமும் 55 மி.மீ. நீளமும் கொண்ட துண்டுகளை உலைக்குள்ளேயே வைத்து, அவ்வப்போது எடுத்துச் சம்மட்டி ஊசலால் அடித்து உடைத்துப் பார்ப்பார்கள். ஆகவே, உலைக்கு என்ன வயது என்று கேட்பதைவிட, கடைசித் துண்டு எந்த வெப்பநிலையில் நொறுங்கியது என்று கேளுங்கள்.