உறக்கமும் நினைவும்

நினைவின்றிக் கல்வி நிலைபெறாது. அந்நினைவை வளர்த்தற்கு மாணவராகிய நாம் விழிப்பையே துணையெனக் கொள்கின்றோம்; தேர்வு நெருங்குங்கால் இரவையும் பகலாக்குகின்றோம். ஆயின், உறக்கம் கல்விக்குப் பகையன்று. அதன் ஒரு பகுதியே என்பது உளநூலார் கண்ட உண்மை. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஜெர்மானிய அறிஞராகிய எபிங்கௌஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடஞ் செய்து, மறதியின் விரைவை அளந்து 1885-ல் நூலாக வெளியிட்டார். பின்னர் 1924-ல், அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்து ஜெங்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர், மாணவர் இருவர்க்கு அத்தகைய அசைகளைக் கற்பித்து ஆய்ந்தனர். எட்டு மணி நேரம் விழித்திருந்தபின் கற்றவற்றுள் மிகச் சிலவே எஞ்சின. அவ்வளவு நேரம் உறங்கியபின்னரோ ஏறத்தாழப் பாதி எஞ்சின.

இதற்குக் காரணம் யாது? உறங்குங்கால் புதிய செய்திகள் புகுந்து பழையவற்றைக் கலைப்பதில்லை என்றே அவர்கள் கருதினர். பிற்கால ஆராய்ச்சி இதனினும் ஒருபடி மேற்சென்றது. 1994-ல் வில்சன், மக்நாட்டன் என்போர் எலிகளின் மூளையை ஆய்ந்தனர். ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், எலி வழிநடந்தபோது ஒருங்கே கிளர்ந்த உயிரணுக்கள், அது பின்னர் உறங்கும்போதும் ஒருங்கே கிளர்ந்தன. பகலிற் பயின்ற பாடத்தை மூளை இரவில் மீளவும் ஓதுகின்றது போலும்!

இனி, உறங்கும் பொழுதை இழந்தோர் நிலையை நோக்குவாம். ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் இருப்புப்பாதைகளிலும் ஷிப்டு மாறி மாறி உழைப்போர் பலர். உடலினுள் அமைந்த கடிகாரம் ஒளியைப் பின்பற்றுவது. ஆதலின் அன்னார் பகலிற் கொள்ளும் உறக்கம் பெரும்பாலும் குறுகியதும் இடையிடையே கலைவதுமாம். பிரான்சு நாட்டின் தென்பகுதியில் 3,000-க்கு மேற்பட்ட தொழிலாளரை 1996, 2001, 2006 ஆகிய ஆண்டுகளிற் சோதித்து எழுதப்பட்ட ஆய்வொன்று 2014-ல் வெளிவந்தது. பத்தாண்டும் அதற்கு மேலும் ஷிப்டு வேலை பார்த்தவர்தம் அறிவாற்றற் குறைவு, ஆறரை ஆண்டு மூப்பிற்கு ஒப்பாயிருந்தது. அவ்வேலையை விட்டபின்னும் அக்குறை நீங்க ஐந்தாண்டேனும் வேண்டியதாயிற்று. இவ்வோராய்வு கொண்டே ஷிப்டு வேலைதான் காரணமென முடிவு கட்டலாகாது. எனினும் அதனைப் புறக்கணித்தலும் தகாது.

நம் விளக்கை அணைத்தல் நம் கையிலுள்ளது; இரவுப்பணி புரியும் தாதியர்க்கும் தொழிலாளர்க்கும் அஃது இல்லை. ஆகவே, தேர்வுக்கு முந்திய இரவில் நாம் அயர்ந்து உறங்குவோமாக. நாளை நம்மிற் சிலர் பிறர்க்கு வேலைமுறை வகுக்கும் நிலையை அடையலாம். அன்று, ஷிப்டுகளுக்கிடையே போதிய ஓய்வு அளிப்பது அருட்கொடையன்று, அவர்க்குரிய நினைவை அவர்க்கே விட்டுவைக்கும் நீதியாம் என்பதை மறவாதிருப்போமாக.